ஐந்தாம் கட்டையில் ஒரு பள்ளம்

என் பெற்றோரும் இரண்டு தங்கைகளும் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எனக்கு இருபத்து மூன்று வயது. ஜாசின் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர்கள் இருந்தார்கள். நாடு சுதந்திரம் வாங்கப்போகிறது, அதன் பிறகு நம்மை யார் வைத்துக்கொள்வார்கள் என்ற பேச்சு அப்போது தோட்டத்துக் குடியிருப்பு வரிசைகளில், லயத்துக்கு லயம் நடந்தது. அப்பா ஒரு நாள் கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தார். நான் அதற்கு முன்பே மலாக்கா டவுனுக்கு வந்து, வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் வாசிக்கும் வேலையில் இருந்தேன். வேலையை விட்டுவிட்டு வா என்று அப்பாவும் சொல்லவில்லை, வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை. துறைமுகத்தில் அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அது கோணலாக இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தேன். கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, சுவரில் இரண்டு பெரிய ஆணி. ஓர் ஆணியில் சட்டை தொங்கும், இன்னொன்றில் சைக்கிள். கீழே விட்டால் களவு போய்விடும் என்ற பயம் எனக்கு இல்லை. அறையில் இன்னொன்று இருப்பது நன்றாக இருந்தது, அவ்வளவுதான். மீட்டர் வாசிக்கிறவனை யாரும் உள்ளே கூப்பிடுவதில்லை. வாசலில் இரும்பு மூடியைத் தூக்கி, குனிந்து எண்ணைப் பார்த்து, எழுதிக்கொண்டு போய்விடவேண்டும். சில நாட்களில் காலையிலிருந்து மாலைவரை நான் வாய் திறந்தது நாய்களை அதட்டத்தான்.

சைக்கிள் பந்தயக் கூட்டத்தில் நான் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் பந்தய ஆசை என்று சொன்னால் அது பொய். டவுனில் ஒரு சீனரின் சைக்கிள் கடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதன் வாசல் நடைபாதையான அஞ்சடியில் பத்துப் பதினைந்து பேர் சைக்கிளோடு கூடுவார்கள். சீனர், மலாய்க்காரர், போர்த்துகீசிய வம்சத்தார் இருவர், தமிழர் என்று நானும் ஆஸ்பத்திரியில் வேலை செய்த ஒருவரும். மெர்லிமாவ் வரை ஓட்டிப் போய், அங்கே ஒரு கோப்பிக் கடையில் பசியாறிவிட்டுத் திரும்புவோம். அந்த மேசையில் எனக்கும் ஒரு நாற்காலி இருந்தது. அதற்காகத்தான் போனேன்.

போன பிறகுதான் தெரிந்தது, பத்துப் பேர் சேர்ந்து ஓட்டுவது என்பது ஒரு குடும்பம் நடத்துவது மாதிரி என்று. முன்னால் போகிறவன் காற்றை உடைக்கிறான். அவன் பின்சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உன் முன்சக்கரத்தை வைத்துக்கொண்டால் பாதி உழைப்பில் அதே வேகம் கிடைக்கும். இதைச் சக்கரம் பிடிப்பது என்போம். ஆனால் பிடித்துக்கொண்டே இருக்கக் கூடாது. முன்னால் இருப்பவன் களைத்ததும் முழங்கையை லேசாக ஆட்டுவான். ஆட்டிவிட்டுக் காற்று வரும் பக்கமாக விலகி, மெதுவாகப் பின்வாங்கி, வரிசையின் கடைசியில் ஒட்டிக்கொள்வான். இப்போது அடுத்தவன் முறை. முறை வந்தவன் வேகத்தைக் கூட்டக் கூடாது, குறைக்கவும் கூடாது. திடீரென்று பிரேக் பிடிக்கக் கூடாது. பின்னால் பார்க்காமல் துப்பக் கூடாது. பின்னால் வருகிறவனுக்கு ரோடு தெரியாது, அவன் கண்ணுக்குத் தெரிவது உன் முதுகும் சக்கரமும்தான். அதனால் பள்ளமோ கல்லோ வந்தால் ஒரு கையைக் கீழே இறக்கி அந்தப் பக்கம் காட்டவேண்டும். கடைசியாக ஒன்று, எல்லாவற்றையும்விடப் பெரியது: முறைக்கு இழுக்காதவன் முடிவில் முந்திப் பாயக் கூடாது.

இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. தப்புச் செய்தால் நான்கு மொழியில் திட்டு விழும். முதல் மாதமே ஒருவரின் பின்சக்கரத்தை உரசி விழுந்து, முட்டியில் ஒரு பக்கம் தோலே இல்லாமல் மூன்று வாரம் நொண்டிக்கொண்டு மீட்டர் வாசித்தேன்.

அந்தக் கூட்டத்தில் எனக்கு மிக அருகில் குடியிருந்தவர் ஒருவர். கம்போங் செட்டியில் வீடு, கம்போங் என்றால் கிராமம். என் அறையிலிருந்து நடந்தே போய்விடலாம். வயது முப்பத்தைந்து இருக்கும், துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அகலமான தோள்காரர். அவரை நான் அபாங் என்று கூப்பிட்டேன், மலாயில் அண்ணன் என்று பொருள். அவர் என்னை அடேக் என்பார், தம்பி என்று. அவர் கும்பிடுவதும் மாரியம்மனைத்தான், நெற்றியில் திருநீறும் உண்டு, அவர் பெயரை ஒரு காகிதத்தில் பார்த்தால் எங்கள் தோட்டத்து ஆள் என்றே நினைப்பீர்கள். பல நூறு வருஷம் முன்பே இங்கே வந்து தங்கிய தமிழர் வம்சம் அவருடையது, ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. அங்கே பல தலைமுறையாக வீட்டு மொழி மலாய்தான், அதிலும் அவர்களுக்கே உரிய ஒரு மலாய். சில உறவுச் சொற்களும் பூசைச் சொற்களும் மட்டும் தமிழில் மிஞ்சியிருந்தன. என்னுடையதோ சந்தையில் மீன் வாங்கப் போதுமான மலாய். ஆகவே நாங்கள் அதிகம் பேசியதில்லை.

ஆனால் வாரத்தில் நான்கு நாள், வேலைக்குப் போவதற்கு முன், விடிந்ததும் இருவரும் சேர்ந்து ஓட்டினோம். யாரும் யாரையும் அழைத்து அது தொடங்கவில்லை. ஒரு நாள் தற்செயலாகச் சந்தித்தோம், மறுநாளும் அதே நேரத்துக்கு நான் போய் நின்றேன், அவரும் வந்தார். புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கம் போய்ச் சுற்றி வருவோம். அவர் இரண்டு மைல் இழுப்பார், நான் ஒரு மைல். அவர் கனத்த ஆள், அவர் பின்னால் காற்றே இருக்காது, அந்த இடத்தில் ஒரு வெதுவெதுப்பு இருக்கும். நான் ஒல்லி. என் பின்னால் ஒண்டுவதில் அவருக்குப் பெரிய லாபம் ஒன்றும் இல்லை. அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. என் முறை வரும்போது ஒழுங்காகப் பின்னால் வந்து குனிந்துகொள்வார். பிரியும் முனையில், நாளைக்கு, என்று மலாயில் ஒரு சொல் சொல்வார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அன்றைய பகலை ஓட்டிவிடுவேன். இதை இப்போது எழுதும்போதுதான் எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

இந்தியாவிலிருந்து கடிதங்கள் முதலில் மாதம் ஒன்று வந்தன, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று. தங்கைதான் எழுதுவாள், அம்மா சொல்லச் சொல்ல. அங்கே மழை இல்லை, மாமா வீட்டில் இருக்கிறோம், நீ சாப்பிடுகிறாயா. பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருக்காது. நலம், வேலை நடக்கிறது, இங்கே மழை. இதை மூன்று வரிக்கு மேல் நீட்ட முடிவதில்லை. ஒரு தடவை, அண்ணா நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று தங்கை ஓரத்தில் தானாகவே எழுதியிருந்தாள்.

சுதந்திரம் வந்தது. அந்தச் சில வாரங்களில் டவுன் முழுக்கக் கொடி, ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு போட்டி. படகுப் போட்டி, கயிறிழுப்பு, பாட்டுப் போட்டி. அவற்றில் ஒன்றாகச் சைக்கிள் பந்தயமும் வைத்தார்கள். பண்டார் ஹிலிர் திடலில் தொடங்கி, கடலோர ரோட்டில் மெர்லிமாவ் தாண்டி, கெசாங் ஆற்றுப் பாலம்வரை போய், அதே வழியில் திரும்பி வரவேண்டும். வெளியூர்களிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள், மொத்தம் நாற்பது பேர் இருப்போம். வென்றவனின் படம் பத்திரிகையில் வரும் என்று சைக்கிள் கடைக்காரர் சொன்னார். தமிழ்ப் பத்திரிகையிலும் வருமா என்று நான் கேட்டேன். தமிழன் வென்றால் வரும் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தப் படத்தை வெட்டிக் கடிதத்தில் வைத்து அனுப்புவதாக நான் அன்றைக்கே கற்பனை செய்துவிட்டேன். மூன்று வரிக்குமேல் எழுதவேண்டிய அவசியமே இருக்காது.

போகும்போது கூட்டமாகவே போனோம். பாலத்தில் திரும்புகிற இடம் குறுகலானது. அங்கே அபாங் வேகத்தைக் கூட்டினார், நான் அவர் சக்கரத்தில் இருந்தேன், எனக்குப் பின்னால் மூவாரிலிருந்து வந்த ஒரு சீனர். பஸ் பட்டறையில் வேலை செய்பவர் என்று பிறகு தெரிந்தது. மூவரும் பிரிந்துவிட்டோம். மெர்லிமாவ் வருவதற்குள் கூட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று பேர், இருபது மைல். ஒவ்வொருவரும் நேர்மையாக இழுத்தால் யாராலும் எங்களைப் பிடிக்க முடியாது. அபாங் இழுத்தார், விலகினார். நான் இழுத்தேன். மூவார்க்காரர் இழுத்தார். கடல்காற்று இடப்பக்கத்திலிருந்து வீசத் தொடங்கியிருந்தது, அதனால் ஒருவருக்கு வலப்பக்கமாக ஒருவர் சாய்வரிசையில் போனோம். நடுவில் அபாங் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பாதியை எனக்கு நீட்டினார். வீட்டு வாசல்களில் நின்ற ஜனங்கள் கையசைத்தார்கள். அந்த அரைமணி நேரம் என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் என்று சொல்லலாம்.

செர்காம் தாண்டியதும் என் கணக்கு ஆரம்பித்தது. கடைசிப் பாய்ச்சலில் நான் அபாங்கைவிட வேகக்காரன், அது எனக்குத் தெரியும். ஆனால் மூவார்க்காரரைப் பற்றி நிச்சயமில்லை. கால்களில் மிச்சம் வைத்துக்கொள்ளவேண்டும். என் முறை வந்தபோது ஐம்பது மிதி மிதித்துவிட்டு முழங்கையை ஆட்டினேன். அடுத்த முறை அதுவும் இல்லை. தொடையைத் தட்டிக் காட்டினேன், தசை பிடித்துக்கொண்டது என்பதுபோல. பிடிக்கவில்லை. மூவார்க்காரர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. அபாங் அப்படிப் பார்க்கவில்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு என் பங்கையும் சேர்த்து இழுத்தார். அப்படி அவர் இழுத்தது நான்கு மைலாவது இருக்கும்.

மைல்கல்லை நாங்கள் கட்டை என்போம். டவுனுக்கு ஐந்தாம் கட்டைக்குச் சற்று முன், ரோட்டின் நடுவில் மழையில் தார் பெயர்ந்து ஒரு பள்ளம் இருந்தது. அபாங் முன்னால், நான் இரண்டாவது, மூவார்க்காரர் மூன்றாவது. அபாங் வலக்கையைக் கீழே இறக்கி, பள்ளத்தைச் சுட்டிக் காட்டினார்.

அந்தக் கையை நான் பார்த்தேன். ஒரு கையால் சைக்கிளைப் பிடித்திருப்பவனால் உடனே வேகமெடுக்க முடியாது. இதை நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது, யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. நான் பள்ளத்தைச் சுற்றி வலப்பக்கம் ஒடித்து, இருக்கையிலிருந்து எழுந்து மிதித்தேன். அவரைத் தாண்டும்போது அவர் கை இன்னும் கீழேதான் இருந்தது.

பின்னால் ஒரு சத்தம் கேட்டது. தகரத்தை ரோட்டில் இழுத்த மாதிரி. யாருடைய தண்ணீர்ப் போத்தலோ விழுந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போத்தல் விழுந்தால் அப்படிக் கேட்காது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் வேகம் குறையும் என்பார்கள், அது உண்மைதான், ஆனால் அதனால் அல்ல.

ஐந்து மைலும் துரத்துகிறார்கள் என்ற நினைப்பிலேயே ஓட்டினேன். முதுகுக்குப் பின்னால் சங்கிலி ஓடும் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. நெஞ்சு எரிந்தது. திடலுக்குள் நுழைந்து கோட்டைத் தாண்டி, புல்லில் போய் விழுந்து, தலையைத் தூக்கிப் பார்த்தால் என் பின்னால் யாருமே இல்லை. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. கைதட்டியவர்கள் தட்டி முடித்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நடந்தது எனக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது. நான் பாய்ந்ததும் அபாங் பதறிக் கையை மேலே எடுத்துத் துரத்தப் பார்த்திருக்கிறார். அதில் தடுமாறி, எனக்குக் காட்டிய அதே பள்ளத்தில் அவருடைய முன்சக்கரம் இறங்கிவிட்டது. மூவார்க்காரர் அவரைச் சுற்றிப் போயிருக்கலாம், என்னையும் பிடித்திருக்கலாம். அவர் சைக்கிளை ஓரத்தில் போட்டுவிட்டு அபாங்கைத் தூக்கி ஒரு தென்னை மரத்தடியில் உட்காரவைத்தார். பின்னால் வந்த கூட்டமும் அங்கே வேகத்தைக் குறைத்தது, பாதிப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒருவரும் என்னைத் துரத்தவில்லை. நான் காலி ரோட்டில் ஓடி வந்திருக்கிறேன்.

யாரோ ஓர் அதிகாரி வெள்ளிக் கிண்ணம் கொடுத்தார், படம் எடுத்தார்கள். அதன்பிறகு ஒரு லோரியில் அபாங் வந்து இறங்கினார். வலது கை ஒரு துண்டில் தொங்கியது, தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. முகத்தில் ஒரு பக்கம் தார்ப்பொடி. என்னிடம் வந்து, ஜெயித்தாயா என்று கேட்டார். ஆமாம் அபாங் என்றேன். நல்லது என்றார். அவர் குரலில் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

படம் தமிழ்ப் பத்திரிகையில் வந்தது. வெட்டி அனுப்பினேன். அம்மா அதைச் சாமி படத்துக்குக் கீழே ஒட்டியிருப்பதாகத் தங்கை எழுதினாள். இரண்டு பக்கக் கடிதம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சைக்கிள் கடைக்குப் போனேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வா என்றார்கள். கிளம்பினோம். தொடக்கத்தில் முன்னால் இழுக்கும் முறை எனக்கு வந்தது. ஒரு மைல் இழுத்துவிட்டு முழங்கையை ஆட்டி விலகினேன். எனக்கு அடுத்திருந்தவர் முன்னால் வரவில்லை. அவரும் என்னோடு சேர்ந்து விலகினார். வரிசையே என் பின்னால் விலகியது. நான் மெதுவானேன், எல்லோரும் மெதுவானார்கள். நான் மறுபக்கம் போனேன், எல்லோரும் மறுபக்கம் வந்தார்கள். மெர்லிமாவ் வரை அவ்வளவு காற்றையும் நானே வாங்கினேன். திரும்பும்போது கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஒருவரின் பின்னால் போனேன். அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார். எனக்கும் அவருக்கும் முன்னால் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமானது. பிறகு அவர் ஒரே பாய்ச்சலில் கூட்டத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். என்னால் சேர முடியவில்லை.

கோப்பிக் கடையில் எனக்கு நாற்காலி இருந்தது. ரொட்டி நீட்டினார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். ரோட்டில் மட்டும்தான் நான் இல்லாதவன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை இப்படிப் போனது. நான்காவது வாரம் ஆஸ்பத்திரித் தமிழரிடம் தனியாகக் கேட்டேன், எவ்வளவு நாளைக்கு இது என்று. அவர் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்:

"யாரும் ஒன்ன வெறுக்கலப்பா. ஒன் பின்னால வந்தா பள்ளம் இருந்தா காட்டுவியா, ஒனக்கு நாங்க காட்டுனா என்ன பண்ணுவ, அது தெரியல. அவ்வளவுதான்."

அன்றைக்கு நான் அவர்களோடு கிளம்பவில்லை.

அபாங்கை வீட்டில் போய்ப் பார்க்க எனக்கு ஆறு வாரம் பிடித்தது. கம்போங் செட்டியில் அந்த வீட்டைத் தினம் தாண்டித்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன், ஆனால் தாண்டினேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் நிறுத்தினேன். அவர் மனைவி கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, கோப்பி போட உள்ளே போனார். அபாங் சாய்வு நாற்காலியில் இருந்தார். கட்டுப் பிரித்திருந்தார்கள். ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. கையில் ஒரு துணிப்பந்தை வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார், பலம் திரும்புவதற்காக.

நான் மலாயில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். மன்னிப்புக் கேட்க மலாயில் எளிய சொல் உண்டு. ஆனால் அதைப் பெருநாளன்று எல்லோரும் எல்லோரிடமும் சொல்வார்கள், பஸ்ஸில் காலை மிதித்தாலும் சொல்வார்கள். அதைச் சொன்னேன். அவர், ஆகட்டும், விழுவது சகஜம் என்றார். அவர் வேறு எதற்கோ மன்னித்துவிட்டார். அடுத்த சொல்லுக்கு என்னிடம் மலாய் இல்லை. கோப்பி வந்தது, ஆறியது. திடீரென்று நான் தமிழில் பேச ஆரம்பித்தேன்.

"அபாங், எனக்குக் காலு பிடிக்கல. பிடிச்ச மாதிரி காட்டுனேன். நீங்க என் பங்கையும் சேத்து இழுத்தீங்க. அப்பறம் நீங்க கைய கீழ விட்டத நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் போனேன். சத்தம் கேட்டுச்சு. என்னன்னு தெரியும். நான் திரும்பிப் பாக்கல."

இன்னும் நிறையச் சொன்னேன். அப்பா அம்மா கப்பலேறியதை, கடிதங்களை, படத்தை. இரண்டு வருஷமாக நான் தமிழில் அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. அவர் பந்தை அமுக்குவதை நிறுத்திவிட்டு, குறுக்கே ஒன்றும் கேட்காமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் மலாயில், எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினார். நீ சொன்னதில் எனக்கு அம்மா என்ற சொல் புரிந்தது, மற்றது புரியவில்லை என்றார். பந்தயத்தில் முந்திப் போவது தப்பில்லை, நானும் போயிருப்பேன் என்றார். அதன் பிறகு தன் வலக்கையைச் சிரமப்பட்டு நாற்காலிக்கு வெளியே இறக்கினார். விரல் தரையைக் காட்டியது.

"இந்தக் கைய நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். நம்பத் தயாராகவே கேட்டார் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

"பாத்தேன் அபாங்."

அவர் தலையசைத்தார். கையை மெதுவாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கோப்பியைக் குடி என்றார். நான் குடித்தேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் செருப்பை மாட்டும்போது சொன்னார்:

"இனிமே காலையில எனக்காக வந்து நிக்கவேணாம், அடேக்."

கோபம் இல்லாமல் சொன்னார். ஒரு கடை இன்று மூடியிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

அதன்பிறகு மூன்று வருஷம் நான் தனியாக ஓட்டினேன். ஓட்டுவதை விடவில்லை. விட்டால் அறையும் மீட்டரும்தான் மிச்சம். குருபோங் பக்கம் அப்போது ரப்பர் மரங்களும் கம்போங்குகளும்தான், அந்த வழியில் போவேன், கூட்டம் அந்தப் பக்கம் வராது. தனியாக ஓட்டுவதற்கு ஒரு மரியாதையும் தேவையில்லை. எப்போது வேண்டுமானாலும் பிரேக் பிடிக்கலாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துப்பலாம். ஆனாலும் பள்ளம் வந்தால் என் கை தானாகக் கீழே போகும். ஒருமுறை இப்படிக் காட்டிக்கொண்டு போனதைப் பார்த்து, ரோட்டோரம் பாலுக்காக ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்த ஒரு கிழவி, யாருக்கு ஐயா காட்டுறீங்க என்று கேட்டாள். பழக்கம் என்றேன்.

அபாங் எட்டு மாதம் கழித்து மறுபடி ஓட்ட ஆரம்பித்தார். பந்தயத்துக்குப் போகவில்லை. கூட்டத்தின் நடுவில், மற்றவர்கள் அவருக்குக் காற்று மறைத்துக் கொண்டுபோக, ஒரு பக்கம் சாய்ந்து ஓட்டினார். தூரத்திலிருந்து பார்த்திருக்கிறேன். கோயில் திருவிழாவில் எதிரே வந்தால் நின்று, வேலை எப்படி என்று கேட்பார், நானும் அவருடைய பெண்களின் படிப்பைக் கேட்பேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நாங்கள் சிநேகிதர்கள்.

பிறகு அவருக்குக் கிள்ளானுக்கு வேலை மாற்றல் வந்தது. குடும்பத்தோடு போகிறார்கள் என்று என் வாடகை வீட்டுக்காரர் சொன்னார். போகிற நாள் காலையில் நான் அங்கே போய் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் ஒரு லோரி, பாதி ஏற்றியிருந்தார்கள். அபாங்கும் லோரிக்காரரும் ஒரு தேக்கு அலமாரியை வாசல்படியில் இறக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள், அவருடைய அந்தத் தோள் அதற்கு ஒத்துழைக்கவில்லை. நான் போய் அவர் பக்கத்து முனையைப் பிடித்தேன். அவர் விட்டுக்கொடுத்து விலகி நின்று, கதவு திறந்துகொள்ளும், கையால் அணைத்துப் பிடி என்றார். அதற்குப்பிறகு இரண்டு கட்டில், ஒரு தையல் மெஷின், சாமி படங்கள் கட்டிய பெட்டி. ஒரு மணி நேரம் தூக்கினோம். எங்களுக்குள் நடந்த பேச்சு எல்லாம் இடம், வலம், மெதுவாக, இறக்கு.

மனைவியும் பெண்களும் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்கள். முன்னால் இடம் இல்லாததால் அபாங் பின்பக்கம் ஏறி, சாமான்களுக்கு நடுவில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, நன்றி, உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். லோரி கிளம்பியது.

நான் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். ஏன் என்று தெரியாது. டவுன் ரோட்டில் லோரி மெதுவாகத்தான் போனது. லோரியின் பின்பலகைக்கு ஒரு முழம் தள்ளி ஒட்டிக்கொண்டேன். அங்கே காற்றே இல்லை, புகையும் ரப்பர் வாடையும்தான். கால் தானாகச் சுற்றியது. அபாங் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வியர்வையில் அவர் திருநீறு கரைந்திருந்தது, தலையில் முன்பக்கம் நரைத்திருந்தது. ஒரு மைல் இப்படியே போனது. வேகம் கூடியது, நானும் கூட்டினேன். லோரி குலுங்கும்போது அவர் அலமாரியைக் கையால் பிடித்துக்கொண்டார்.

டவுனைத் தாண்டி, செங் என்ற ஊர்ப் பக்கம் ரோடு விரிந்ததும் ஓட்டுநர் கியரை மாற்றினார். நான் எழுந்து மிதித்தேன். ஒரு முழம் இரண்டு முழமானது, அங்கே காற்று உள்ளே புகுந்தது. அதன்பிறகு பிடிக்க முடியாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் ஏதோ சொன்னார், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சத்தமாகச் சொன்னார்.

"போதும். திரும்பிப் போ, அடேக்."

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. லோரி இரண்டு பர்லாங் தள்ளி ஒரு வளைவில் போகும்வரை மிதித்தேன். வளைவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ரோடு நேராக, இரண்டு பக்கமும் ரப்பர் மரங்களோடு, காலியாகக் கிடந்தது. ஒரு காலை ஊன்றிக் கொஞ்ச நேரம் நின்றேன். அன்றைக்கு வேலைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்திப் போனேன். மேஸ்திரி காரணம் கேட்டார். சிநேகிதர் ஒருவர் ஊர் மாறிப் போகிறார், வழியனுப்பப் போனேன் என்றேன். அவர் அன்றைய வீடுகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார்.